ஆறும் ஆறும் பன்னிரண்டு ஆகாத மடை

நீங்கள் எல்லோரும் ஓவர்சியர் பரீட்சையில் தேறி வந்தவர்கள். வட்டத்தின் பாகங்களைச் சொல்லுங்கள் என்றால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பீர்கள்: மையம், ஆரம், விட்டம், நாண், வில், பரிதி. எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டுகிறது. தூக்கத்தில் சொல்ல முடிகிற விஷயத்தை யாரும் விழித்திருக்கும்போது யோசிப்பதில்லை. நான் ஓவர்சியராக ஆற்றுப் பாசனத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் கண்ட பெரிய தகராறுகள் எல்லாம் கஷ்டமான கணக்கினால் வந்தவை அல்ல. எல்லோருக்கும் தெரிந்த கணக்கினால் வந்தவை.

என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். பொய்யில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் கிணற்றுக்குள் கயிறு விட்டு ஆழம் பார்த்தவன் நான். என் மாமனார் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் மடை, வாய்க்கால், தண்ணீர் என்று பிழைக்கிறவனுக்குச் சந்தேகமும் ஒரு கருவிதான். டேப்பைப் போல, மூலைமட்டத்தைப் போல அதையும் தினம் எடுக்க வேண்டும், துடைத்து வைக்க வேண்டும், எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்று பார்க்கவும் வேண்டும். அந்தக் கடைசிக் காரியம் எவ்வளவு சிரமமானது என்பது சுடலைமுத்து என்ற மடைக்காரர் விவகாரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. பாபநாசத்துக்குக் கிழக்கே தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு கால்வாயில், நடுப்பகுதிக்கு என்னை மாற்றிப் போட்டார்கள். கரையோரமாக அடுத்தடுத்து மூன்று ஊர்கள். உண்மைப் பெயர் எதற்கு? மேலூர், நடுவூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலூருக்கும் நடுவூருக்கும் நெடுங்காலமாக ஒரே மடை. மடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கால்வாய்க் கரையில் பதித்த ஒரு கல் பலகை, அதில் பன்னிரண்டு அங்குல விட்டத்தில் ஒரு வட்டத் துளை. துளை வழியாக வருகிற தண்ணீர் ஒரே வாய்க்காலில் ஓடி, சற்றுத் தள்ளி இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஊர் வயல்களுக்கும் போகும். துளையில் நுழையாத தண்ணீர் கால்வாயோடு கீழூர்க் குளத்துக்குப் போய்விடும்.

அந்தப் பிரிகிற இடத்தில் வருஷம் தவறாமல் மண்டை உடையும். யாராவது ஒருவர் ஒரு கூடை மண்ணைத் தள்ளிவிட்டால் போதும், எதிர் ஊருக்குத் தண்ணீர் குறையும். சலித்துப்போய் இரண்டு ஊரும் சேர்ந்து எங்கள் இலாகாவுக்கு மனுப் போட்டார்கள். ஒரே துளை வேண்டாம், ஊருக்கு ஒரு துளை, ஊருக்கு ஒரு வாய்க்கால் என்று பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். நியாயமான மனு. நான் அங்கே வருவதற்கு முன்பே அது நிறைவேறியும் விட்டது.

எப்படி நிறைவேறியது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அங்குலக் கணக்கை நம்ப மாட்டார்கள். பனை ஓலையைத் துளையின் குறுக்கே பிடித்து, அதன் அகலத்துக்குச் சரியாக நறுக்கி, அந்த ஓலையைத்தான் நம்புவார்கள். பழைய துளைக்கு அப்படி ஓர் ஓலை எடுத்து, சாஸ்தா கோவில் வாசலில் இரண்டு ஊரும் பார்க்க அதைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் கிழித்து, ஊருக்குப் பாதி கொடுத்தார்கள். கல்தச்சர் அந்தப் பாதி ஓலையின் அகலத்துக்கே புதுக் கல்லில் இரண்டு துளை போட்டார். ஆறு அங்குலம், ஆறு அங்குலம். மேலேயிருந்து வந்த உத்தரவிலும் அப்படித்தான் இருந்தது. எங்கள் இலாகாவின் வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்டார், ஊர்க்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள், சாஸ்தாவும் ஒன்றும் சொல்லவில்லை.

பிசான நெற்பயிர் பொதி கட்டுகிற சமயத்தில் தண்ணீர் போதவில்லை. நான் வந்து சேர்ந்தது அப்போதுதான். கால்வாயில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. கரை தொட்டு ஓடியது. ஆனால் மேலூர் வயல் வெடித்துக் கிடந்தது. நடுவூர் வயலும் அப்படியே. நடுவூர்க்காரன் திருடுகிறான் என்று மேலூரும், மேலூர்க்காரன் திருடுகிறான் என்று நடுவூரும் கொஞ்ச நாள் கம்பு எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள். கீழூர்க் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். மடையில் நிற்பவர் சுடலைமுத்து. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குத்தான் மடைக்காவல். அவர் மனைவி பிறந்த ஊர் கீழூர். இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மாமனார் ஊருக்குத் தண்ணீரை விற்கிறான் என்று இரண்டு ஊரும் முடிவு கட்டிவிட்டன. மேலூர்ப் பொதுக் கிணற்றில் அவர் வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். அறுப்பில் களத்து மேட்டில் அவருக்கு அளக்க வேண்டிய நெல்லை நிறுத்துவது என்று பேசி வைத்தார்கள். கடைசியில் மனு எங்கள் துரைக்கே போனது. துரை எனக்கு ஆள் அனுப்பினார். ஆழ்வார்குறிச்சி முகாமுக்கு வருவதாகவும், வரும்போது விசாரணை அறிக்கை தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். குற்றவாளி யார் என்று அவர் கேட்கவில்லை. மடைக்காரன் எப்படிச் செய்தான் என்றுதான் கேட்டிருந்தார்.

என் பேனாவிலிருந்து ஒரு வரி வந்தால் போதும். சுடலைமுத்துவுக்கு வேலை போகும், வேலையோடு சேர்ந்த குடியிருப்பு போகும், போலீஸ் கச்சேரிக்கும் போக வேண்டியிருக்கும். அந்த வரியை எழுத எனக்குப் பெரிய தயக்கம் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவரைப் பார்த்த முதல் நிமிஷமே சந்தேகப்பட்டேன்.

சந்தேகப்பட ஆரம்பித்த கண்ணுக்கு எல்லாமே சாட்சி. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். கூரையில் வைக்கோல் புதிதாக வேய்ந்திருந்தது. கேட்டால் கீழூர் மச்சினன் கொடுத்தது என்றார். மடைக்குப் பக்கத்தில் புல் நசுங்கிக் கிடந்தது. வேறு யாருடைய விவகாரமாக இருந்தாலும் நான் அவ்வளவையும் குறித்துக்கொண்டு போயிருப்பேன். அதட்டிக்கூடப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அடைப்புக்கட்டையைப் பிடுங்கி வையின்னா பிடுங்கி வைக்கேன், அடைன்னா அடைக்கேன். ஒரு சொட்டு நான் திருப்பலைய்யா," என்று ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திருடன் வழக்கமாக இரண்டு மூன்று கதை வைத்திருப்பான். இவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதனால் அவரை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. இன்னொருவரையும் சேர்த்துச் சந்தேகப்படலாம் என்று பட்டது. அந்த இன்னொருவர் கல்தச்சர்.

வட்டத்தில் திருடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். துளையின் குறுக்கே கோலை வைத்து அளக்கிறோம். கோல் மையத்தின் வழியாகப் போனால்தான் அது விட்டம். கொஞ்சம் விலகினாலும் அது வெறும் நாண், விட்டத்தைவிடக் குறைந்துதான் இருக்கும். மையம் எங்கே என்று கல்லில் எழுதி வைத்திருக்கவில்லை, துளையின் மையத்தில் கல்லே இல்லை. அதனால் கோலின் ஒரு முனையை விளிம்பில் ஊன்றி, மறு முனையைப் பைய ஆட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் நீளாது என்று எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் விட்டம். அடுத்தது, வட்டம் உண்மையிலேயே வட்டம்தானா என்ற சந்தேகம். முட்டை மாதிரித் துளை போட்டுவிட்டு, அகலமான பக்கத்தை மட்டும் காட்டுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தின் மூலையை விளிம்பில் உள்பக்கமாக வைத்தால், அதன் இரண்டு கையும் விளிம்பைத் தொடுகிற இடங்கள் எப்போதும் ஒரு விட்டத்தின் இரு முனைகளாக இருக்க வேண்டும். மூலையை எங்கே நகர்த்தினாலும் அந்த அகலம் மாறக் கூடாது. மாறினால் கல்தச்சரைக் கூப்பிடலாம்.

மாறவில்லை. வாய்ப்பக்கம் அகலமாக இருந்து உள்ளே குறுகுகிறதோ என்று கால்வாய்க்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பின்பக்கமும் அளந்தேன். அங்கேயும் ஆறு. இரண்டு துளையும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அந்தக் கல்தச்சரை நான் அன்று மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. இவ்வளவு நேர்மையாக இருந்தால் நான் யாரைப் பிடிப்பது?

விட்டம் தப்பவில்லை என்றால் சுற்றைப் பார்ப்போம் என்று ஒரு நூல் எடுத்தேன். பழைய கல் தூரத்தில் இல்லை. மடையை மாற்றியபோது கரையோரம் புங்க மரத்தடியில் படுக்க வைத்துவிட்டார்கள், வண்ணார் அதில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பழைய துளையின் விளிம்பைச் சுற்றி நூல் பிடித்து அறுத்துக்கொண்டேன். அதே நூலைப் புதுத் துளைகளில் சுற்றினேன். ஒன்றைச் சுற்றிப் பாதி நூல் தீர்ந்தது, மற்றதைச் சுற்றி மீதிப் பாதி தீர்ந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஆரம் சரி, விட்டம் சரி, சுற்றும் சரி. பழைய துளையைச் சரிபாதியாகப் பிரித்ததற்கு இதைவிட என்ன ருசு? துளையில் குற்றம் இல்லை என்றால் துளையின் பக்கத்தில் நிற்கிற மனிதனிடம்தான் குற்றம். நான் அறிக்கையை மனதுக்குள் பாதி எழுதி முடித்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், அன்று என்னைத் தடுத்தது கருணை அல்ல. எல்லாம் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே என்ற எரிச்சல்தான். ஆற்றுப் பாசனத்தில் எதுவுமே அவ்வளவு பொருந்தாது.

கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு துளைக்கும் மரத்தில் கடைந்த அடைப்புக்கட்டை ஒன்று உண்டு. தண்ணீர் நிறுத்த வேண்டும் என்றால் அதை அடித்து இறுக்குவார்கள். கட்டை துளைக்குள் அச்சாக உட்காரும். ஓர் ஊர்க் கட்டையை மற்ற ஊர்க் கட்டையைவிடக் கொஞ்சம் பருமனாக்கியிருந்தால்? மடைக்காரரும் தச்சரும் கூட்டுச் சேர்ந்திருந்தால்? சுடலைமுத்துவைக் கூப்பிட்டு இரண்டு கட்டையையும் எடுத்து வரச் சொன்னேன். பழைய கல் படுத்துக் கிடந்ததால் அதன் துளைக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். இரண்டும் சரியாக ஆறு அங்குலம் என்றால் ஒன்றையொன்று தொட்டபடி, விளிம்போடு விளிம்பாக, இழை நுழையாமல் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தன. சற்று இறுக்கமாகத்தான் இறங்கின. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. எடுத்துவிடலாம் என்று குனிந்தபோதுதான் கட்டைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துளைக்குள் இருந்த புல் கண்ணில் பட்டது. பச்சையாக, நன்றாகத் தெரிந்தது. அந்தச் சந்தில் கையை விட்டேன். முஷ்டி முழுவதும் உள்ளே போனது. மறுபக்கமும் போனது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோலும் நூலும் ஓலையும் துளையைக் குறுக்கே அளந்தன, சுற்றி அளந்தன. தண்ணீரோ குறுக்கேயும் போவதில்லை, விளிம்பைச் சுற்றியும் போவதில்லை. வட்டத்தின் வயிறு முழுவதிலும் போகிறது. விட்டம் பாதியானால் சுற்று பாதியாகும். உள்ளே இருக்கிற இடம் பாதியில் பாதியாகிவிடும். பழைய துளைக்குச் சமமாக வேண்டும் என்றால் அந்த ஆறு அங்குலத் துளை நாலு வேண்டும். இரண்டுதான் போட்டிருந்தார்கள். ஊருக்குப் பாதித் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் கால் பங்குதான் கிடைத்தது. மீதிப் பாதி, நுழைய வழியில்லாமல், யாரும் திருடாமல், கால்வாயோடு தானாகக் கீழூருக்குப் போய்விட்டது.

இது உங்களுக்குத் தெரிந்த சூத்திரம்தான், எனக்கும் தெரிந்ததுதான். துரைக்குத் தெரியாதா? எத்தனை அதிகாரிகள் கைமாறிய உத்தரவு அது. பாதி என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் விட்டத்தைப் பாதியாக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உருண்டை விஷயத்தில் இன்னும் மோசம். ஒரு தடவை வீட்டில் பெரிய பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, அதில் பாதி அகலத்தில் சின்ன உருண்டை இரண்டை என் மனைவி எடுத்துக்கொண்டாள். அளவு சமம்தானே என்று விசாரித்தாள். சமமே இல்லை, இன்னும் ஆறு உனக்குச் சேர வேண்டும் என்று சொன்னேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியானால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்று விளக்கவும் விளக்கினேன். எனக்குத்தான் புத்தியில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரிய உருண்டை பிடிப்பதே இல்லை.

கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைச் சொல்வது இன்னொரு வேலை. இளம் ஓவர்சியர்கள் அதிகமாக அடிபடுவது இரண்டாவதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துரையிடம் தனியாகப் போய்ச் சொன்னால் அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவு தப்பு என்று ஆகிறது. அவர் கேட்டுக்கொண்டு, நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டு, அறிக்கையில் மடைக்காரன் பெயரை எழுது என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? ஊர் முன்னால் சொன்னாலோ, கீழூர்க்காரர்கள் ஓவர்சியரை நன்றாகக் கவனித்துவிட்டார்கள் என்பார்கள். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும், இவருக்குத் தெரியவில்லையா என்பார்கள். சந்தேகத்தில் ஊறிப்போனவர்களிடம் நீங்கள் விளக்கம் சொன்னால் அந்த விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். எனக்கு அந்த ஜாதி மனிதர்களைத் தெரியும்; நானே ஒருவன்.

அதனால் விளக்கம் சொல்லவில்லை. மேலூர்ப் பண்ணையார் வீட்டுக்குப் போய், நடுவூர் அடைப்புக்கட்டை உங்கள் கட்டைக்குச் சமம்தானா என்று நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா என்று கேட்டேன். பிறகு நடுவூர் நாட்டாண்மை வீட்டுக்குப் போய் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். பழைய கல்லில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வெயில் ஏறும் முன்னே இரண்டு பேரும் பாதி ஓலையை மடியில் கட்டிக்கொண்டு, ஊர் ஆட்களோடு புங்க மரத்தடியில் நின்றார்கள்.

ஒவ்வொருவரும் தங்கள் கட்டையைத் தாங்களே தூக்கி வைத்தார்கள். அடுத்தவர் கையை யாரும் நம்பவில்லை. கட்டைகள் இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்தன. பண்ணையார் நாட்டாண்மைக் கட்டையைத் தட்டிப் பார்த்தார், நாட்டாண்மை பண்ணையார் கட்டையைத் தட்டிப் பார்த்தார். ஓலைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு குற்றமும் இல்லை. நான் வாயே திறக்காமல் தள்ளி நின்றேன். நாட்டாண்மைதான் முதலில் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாரும். இந்தச் சந்து யாரு பங்குவே?"

பண்ணையார் குனிந்தார். தன் பக்கமும் ஒரு சந்து இருப்பதைக் கண்டார். கையை விட்டு எடுத்தார். பிறகு அவர்களே மணல் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டைகளை எடுத்துவிட்டுப் பழைய துளையை நிரப்பினார்கள், இரண்டு ஓலைப்பெட்டி மணல் பிடித்தது. மணலை வாரிவிட்டு, கட்டைகளை நிறுத்தி, சந்துகளை மட்டும் நிரப்பினார்கள். ஒரு பெட்டி முழுவதும் உள்ளே போனது. ஒரு பெட்டி மணல் என்றால் ஒரு பாதித் தண்ணீர். நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை.

"அப்ப அந்தப் பய திருடலையா," என்று பண்ணையார் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மணலைப் பார்த்துக் கேட்டார்.

முகாமுக்கு வந்த துரையிடம் அந்த இரண்டு பேரே போனார்கள். உத்தரவு தப்பு என்று கீழ்உத்தியோகஸ்தன் சொன்னால் அது அதிகப்பிரசங்கம்; ஊர்க்காரர்கள் சொன்னால் அது மனு. துரைக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் நேரம் ஆனது. இதை யார் கண்டுபிடித்தது என்று என் பக்கம் திரும்பினார். ஊர்ப் பெரியவர்கள்தான் என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டு, மடையில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். மடைக்காரன் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

திருத்தம் பெரிய வேலையில்லை. மையத்தை நகர்த்தாமல் ஆரத்தை மட்டும் கூட்டினால் போதும். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு நானே தரையில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினேன். பழைய துளையின் ஆரத்தைப் பக்கமாக வைத்துச் சதுரம் போட்டால், அதன் மூலைக்கு மூலை உள்ள நீளம்தான் பாதித் துளைக்கு வேண்டிய விட்டம். எட்டரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. பண்ணையாரும் நாட்டாண்மையும் அதையும் நம்பவில்லை. துளை போட்ட பிறகு மறுபடியும் மணல் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் அதை மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் கொட்டித்தான் பார்த்திருப்பேன்.

தண்ணீர் விட்ட அன்று இரண்டு ஊரும் கரையில் கூடியிருந்தன. கதிர் கொஞ்சம் பதராகிப்போயிருந்தாலும் பயிர் பிழைத்துக்கொள்ளும் என்ற நிலை. இரண்டு துளையிலும் தண்ணீர் பருமனாக விழுந்ததைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். கீழூரிலிருந்து நாலு பேர் வந்து, எங்கள் தண்ணீரை ஓவர்சியர் திருடிவிட்டார் என்று முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. பண்ணையார் ஒரு புது வேட்டி வாங்கி வைத்திருந்தார். சுடலைமுத்துவைக் கூப்பிட்டு என் கையால் கொடுக்கச் சொன்னார். கிணற்றுக் கட்டுப்பாடு எடுத்தாயிற்று, நெல்லும் வழக்கம்போல அளக்கப்படும் என்று நாட்டாண்மை சொன்னார். எனக்கு மனது நிறைந்திருந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை, ஒளிப்பானேன், நிறையவே இருந்தது.

சுடலைமுத்து வேட்டியை வாங்கவில்லை. புதிதாகக் கடைந்த இரண்டு அடைப்புக்கட்டைகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அன்றுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கல்லு தப்புன்னு தெரிஞ்சதும் கல்லைத் திருத்திட்டிய. நல்லதுதான்யா. எங்க தாத்தா காலத்துலருந்து இந்த மடையிலதான் நிக்கோம். சுடலைமுத்து அப்படிச் செய்ய மாட்டாம்னு இந்த ரெண்டு ஊர்ல ஒருத்தராவது சொன்னாவளா? நீங்களாவது நெனச்சியளா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல சுடலைமுத்து. உம்மைத்தான் மொதல்ல சந்தேகப்பட்டேன்," என்றேன்.

"அளந்து பாத்துத்தான் நம்புவிய. எங்கிட்ட அளக்கதுக்கு என்னய்யா இருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டைகளை நீட்டினார். பண்ணையாரும் நாட்டாண்மையும் கை நீட்டாததால் நான்தான் வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கீழூருக்குப் போய்விட்டார்.

அவரை நான் ஆரம்பத்திலேயே நம்பியிருந்தால் நல்ல மனிதன் என்று அறிக்கையில் எழுதியிருப்பேன், யாரும் அதை மதித்திருக்க மாட்டார்கள், அவர் ஜெயிலுக்குப் போயிருப்பார். சந்தேகம்தான் அவரைக் காப்பாற்றியது. இதை நான் இன்றும் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் அந்தக் கட்டைகளை வாங்கிக்கொண்டு நின்றது எனக்கு வலித்தது, இப்போதும் நினைத்தால் வலிக்கிறது. உங்களுக்கு இதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவை முதலில் சந்தேகப்படுங்கள். ஆளைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வரிசையை மாற்றிப் போட்டவன்.

மடைக்கு வேறு ஆள் போட வேண்டியிருந்தது. மேலூர் ஆளை நடுவூர் நம்பவில்லை, நடுவூர் ஆளை மேலூர் நம்பவில்லை. கடைசியில் ஊருக்கு ஒருவராக இரண்டு பேரைப் போட்டார்கள். பிறகு நான் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் இரண்டு பேரும் கரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு துளையிலும் தண்ணீர் சரிபாதியாக ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.